ஆளுக்கு ஐந்து நிமிடம்

மாலை ஐந்து மணி முப்பத்திரண்டு நிமிடம். திரையில் முதலில் தெரிந்தவை எட்டு வயிறுகள்.

அது எங்கள் இரண்டாவது வகுப்பு. ஆசிரியர் வரும்போது எழுந்து நின்று வணக்கம் சொல்வது இங்கே வழக்கம் என்று ரீச்சர் முதல் வகுப்பில் சொல்லியிருந்தார். ஜேர்மனியில் இருந்த எட்டு மாணவர்களும் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். அவர்கள் எழுந்தார்கள்; மடிக்கணினிகளின் கமராக்கள் எழவில்லை. மூன்று தாதிச் சீருடைகள், நான்கு கம்பளிச் சட்டைகள், பூப்போட்ட ஒரு பிஜாமா. தலைகள் இல்லாத எட்டுப் பேர் ஒரே குரலில் “வணக்கம் ரீச்சர்” என்றார்கள். ரீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “இருங்கோ, இருங்கோ பிள்ளையள்” என்றார். பிறகு ஒலிவாங்கியை மூடிவிட்டு என்னிடம் திரும்பினார். “அக்கா, இனி ஒருத்தரும் எழும்பவேண்டாமெண்டு எழுதி விடுங்கோ. பைபிளிலை கையை வைச்சுச் சொல்லுறன், நான் ஒண்டையும் பாக்கேல்லை.”

மானிப்பாயில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடி அறை அது. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, வீதியைப் பார்த்த யன்னல். பஸ் ஹோர்ன் அடித்தால் ரீச்சரின் கை தானாக ஒலிவாங்கியை மூடும். நான் இருபத்திரண்டு வருடங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவள். பக்கங்கள் குறைந்து ஆட்களும் குறைந்தபோது வெளியே வந்தேன். இந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த வேலை, பாடத்தாள்களைத் தயாரிப்பது, ஒவ்வொரு வகுப்பிலும் நடந்ததைக் குறித்து அறிக்கையாக்கி, வகுப்பை ஒழுங்குசெய்த ஜேர்மன் அமைப்புக்கு அனுப்புவது. நடப்பதைப் பார்த்து எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். ஆகவே இரண்டாவது மேசை எனக்குப் பொருந்தியது.

மாணவர் எட்டுப் பேரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள். அந்த நகரத்துக்கு இளமையில் போய்ச் சேர்ந்த நம்மவர்கள் இப்போது முதுமையடைந்து அங்கே இருக்கிறார்கள். சிலருக்கு ஞாபகம் குலைகிறது. குலையும்போது, பிந்திக் கற்ற ஜேர்மன் மொழி முதலில் போய்விடுகிறது. தமிழ் மிஞ்சி நிற்கிறது. அவர்களோடு நாலு வார்த்தை கதைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பராமரிப்பவர்களுக்கு இந்த இணையவழி வகுப்பு.

முதல் மூன்று மாதத் தவணை பரீட்சார்த்தமாக நடப்பது. தவணை முடிவில் மாணவர்களின் கருத்தைக் கேட்டு, வகுப்பைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று அந்த அமைப்பு தீர்மானிக்கும். ரீச்சருக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை. நாற்பத்து மூன்று வயது. குருநகர்க் கடற்கரையில் பிறந்து, இன்னும் அங்கேயே இருக்கிறவர். பதினாறு வருடங்கள் படிப்பித்த ரியூசன் நிலையத்தை விட்டுவிட்டுத்தான் இந்த மாடிக்கு ஏறியிருந்தார். விட்ட விதமும் அமைதியானது அல்ல. “இனி நான் வெளிநாட்டு ஆக்களுக்குத்தான் படிப்பிக்கப்போறன், நீங்கள் வேறை ஆளைப் பாருங்கோ எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டு வந்திட்டன். உது நிண்டால் எந்த முகத்தோடை அந்தப் படியிலை திரும்ப ஏறுறது?” இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரித்தார். ஆனால் அந்த வாரத்தில் மூன்று தடவை சொன்னார்.

வகுப்பு தொடங்குவதற்கு முன்னரே அமைப்பிலிருந்து ஒரு கையேடு வந்திருந்தது. ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். ஜேர்மனியில் உள்ள வளர்ந்த மாணவர்கள் எப்படிப் பழகுவார்கள், ஆசிரியர் எதை எதிர்பார்க்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்ற விபரங்கள். அதைத் தமிழில் சுருக்கித் தரும்படி ரீச்சர் கேட்டார். நான் பத்திரிகைக்காரி. செய்தியில் முக்கியமானது மேலே வரும், இடம் காணாவிட்டால் அடியிலிருந்து வெட்டு என்று முதல் வாரத்திலேயே பழக்கப்பட்டவள். அந்தப் பழக்கத்தில் பதினொரு பக்கத்தை இரண்டாக்கினேன். மாணவர்கள் இடையில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்பார்கள், அது அவமரியாதை ஆகாது என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது, அது தப்பியது. ரீச்சர் வாசித்துவிட்டு, “குறுக்கை பூந்து கேக்கிறது மரியாதைக் குறைவில்லையாம். அப்ப மரியாதைக் குறைவு எதாம்? அதைப் போடேல்லையே?” என்று கேட்டார். போட்டிருந்தார்கள். அது பதினோராம் பக்கத்தில் இருந்தது.

முதல் வாரங்கள் நன்றாகப் போயின. ரீச்சரிடம் பாடப்புத்தகத்தை விட்டு விலகும் துணிச்சல் இருந்தது. ஒருநாள் ஒரு வீட்டுக்குப் போகிறதுபோல நடித்துக் காட்டச் சொன்னார். இவர் வீட்டுக்காரி; விருந்தாளியாக வந்தவர் அந்த இல்லத்தின் பொறுப்புத் தாதி. ஐம்பது கடந்தவர், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருப்பவர். மற்ற ஏழு பேருக்கும் வேலையில் மேலாள் அவர்தான்.

“தேத்தண்ணி குடிக்கிறியளே?” என்றார் ரீச்சர்.

“ஓம், குடிக்கிறேன்” என்றார் தாதி, உடனே, பெருமையோடு.

“ஐயையோ, உடனை ஓம் எண்டு சொல்லக்கூடாது. தேத்தண்ணிக்கெண்டே வந்தது மாதிரியெல்லோ கிடக்கும். முதல் வேண்டாம் எண்டோணும். நான் இன்னொருக்காக் கேப்பன். அப்பவும் வேண்டாம். நான் கேளாமல் போட்டுக்கொண்டு வருவன். பிறகு குடிக்கவேணும்.” இதை ரீச்சர் ஆங்கிலத்தில் மறுபடி விளக்கியபோது எல்லோரும் சிரித்தார்கள். தாதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கி எதையோ எழுதினார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: “எங்கள் இல்லத்தில் தமிழர்கள் தேநீர் வேண்டாம் என்றால், நாங்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.”

எத்தனை வருடமாக என்று ரீச்சர் கேட்கவில்லை. அன்றைய அறிக்கையில் அந்த வாக்கியத்தை மட்டும் தனிப் பந்தியாகப் போட்டேன்.

ஆறாவது வாரம் இடைத் தவணைப் பரீட்சை. விடைத்தாள்கள் மின்னஞ்சலில் வந்தன. ரீச்சர் வீட்டில் இருந்து திருத்தினார். அடுத்த வகுப்பில், பதினாறு வருடமாகச் செய்ததைச் செய்தார். பெயர்ப் பட்டியலை முன்னால் வைத்து, முதலாம் இடத்திலிருந்து கடைசி இடம் வரை புள்ளிகளை உரத்து வாசித்தார்.

இதில் எங்கள் இருவரில் எவருக்கும் ஒரு உறுத்தலும் இருக்கவில்லை. இங்கே பரீட்சைப் பெறுபேறு வந்து இரண்டு நாளில் சந்திகளில் பதாகை கட்டுவார்கள், பிள்ளையின் படமும் பெயரும் பெறுபேறும் போட்டு. பத்திரிகையில் அந்தப் படங்களுக்குப் பக்கம் ஒதுக்கியவள் நான். ஒரு பிள்ளையின் படம் தவறிப்போனால் தகப்பன் காலையில் வாசலில் நிற்பார். புள்ளிகளை எல்லோருக்கும் கேட்க வாசிப்பது நேர்மையின் அடையாளம். மெல்லக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னால்தான், ஆசிரியருக்கு வேண்டிய பிள்ளை யார் என்று கதை எழும்பும்.

முதலாவது, பயிலுநராக இருந்த இருபத்திரண்டு வயதுப் பெண், தொண்ணூற்று நான்கு. “எல்லாரும் கை தட்டுங்கோ” என்றார் ரீச்சர். எட்டாவது, பொறுப்புத் தாதி, முப்பத்தெட்டு. “நீங்கள்தான் கடைசி. வெக்கப்படாதேங்கோ. வேலையும் பாத்துக்கொண்டு படிக்கிறது லேசே? அடுத்தமுறை ஏத்திப்போடுவம்.” குரலில் உண்மையான கனிவு இருந்தது. அதையும் ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார்.

எவரும் கை தட்டவில்லை. எட்டு முகங்களும் அசையாமல் இருந்தன. ரீச்சர் திரையைத் தட்டிப் பார்த்தார். “நெற் நிண்டுட்டுதோ அக்கா?” நானும் இணைப்பைச் சோதித்தேன். நன்றாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் நான் ஒன்றிலிருந்து எட்டு வரை இலக்கமிட்டு, அழகாகப் பட்டியலாக்கி, வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். பத்திரிகையில் போடுவதைப் போலவே முதல் மூன்று பெயர்களையும் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

அடுத்த வகுப்புக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் கமராவை மூடியிருந்தார்கள். மறுநாள் காலை அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு மாணவர் முறைப்பாடு செய்திருக்கிறார். பெறுபேறுகள் ஒருவருடையது மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. வரும் வியாழக்கிழமை வகுப்பில் தானும் அமர்ந்து பார்ப்பதாகவும், அதன் பின்னர் தொடர்வதுபற்றி முடிவு சொல்வதாகவும் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். மூன்று பந்தி.

கையேட்டை எடுத்தேன். பதினோராம் பக்கம், கடைசிப் பந்தி. அடியிலிருந்து வெட்டியதில் முதலில் போன பந்தி அதுதான்.

ரீச்சரிடம் பக்கத்தைத் திறந்து காட்டி, இதை நான்தான் வெட்டினேன் என்றேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். “நீங்கள் வெட்டாட்டிலும் நான் புள்ளியளை வாசிச்சுத்தான் இருப்பன் அக்கா. இது எங்களைப்போலை வகுப்புக்கு இல்லை, ஆரோ கந்தோரிலை வேலைசெய்யிறவைக்கு எழுதினதெண்டு நினைச்சிருப்பன்.” பிறகு யன்னலடியில் போய் நின்றார். “பாவம் அந்த மனிசி. எல்லாருக்கும் பெரிய ஆள். அவவைக் கடைசியெண்டு வாசிச்சு, வெக்கப்படாதேங்கோ எண்டும் சொன்னனே. ஆர்தான் முறைப்பாடு செய்யமாட்டினம்?”

முறைப்பாடு செய்தவர் பொறுப்புத் தாதிதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. செய்தியை உறுதிப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பாதே என்று எத்தனையோ நிருபர்களைக் கடிந்தவள் நான். அன்று அது எனக்கு ஞாபகம் வரவில்லை. ரீச்சர் ஆங்கிலத்தில் மன்னிப்பு ஒன்று எழுதினார், நான் திருத்தினேன். தாதிக்குச் செய்தி அனுப்பி, ஐந்து நிமிடம் தனியாகக் கதைக்க முடியுமா என்று கேட்டார். ஆங்கிலம் தடக்கினால் உதவ நானும் கூட இருக்கலாம் என்று தாதியிடம் அனுமதி வாங்கியிருந்தோம்.

தாதி ஏதோ களஞ்சிய அறையிலிருந்து கதைத்தார். பின்னால் மடித்த துவாய்கள். ரீச்சர் காகிதத்தைப் பார்த்து வாசிக்கத் தொடங்கி இரண்டாவது வரியில் நிற்க, தாதி கையைக் காட்டினார்.

“நான் இல்லை” என்றார் தமிழில். “நான் கடைசி. எனக்குத் தெரியும். நான் படிக்கிறது இல்லை.” பிறகு சிரிப்பை விட்டுச் சொன்னார்: “சின்னப் பிள்ளை அழுதது. முதலாம் பிள்ளை.”

மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பயிலுநர்ப் பெண்ணின் வேலை மதிப்பீட்டை எழுதுவது இவர். தன் பெயரை மேலேயும் தன் மேலாளின் பெயரை அடியிலும் எல்லோருக்கும் முன்னால் வாசித்ததையும், அதே பட்டியல் கைத்தொலைபேசியிலும் வந்ததையும் அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை. உடைமாற்றும் அறையில் இருந்து அழுதிருக்கிறாள். தான் மேலாளை அவமானப்படுத்திவிட்டதாக நினைத்திருக்கிறாள். இனி வகுப்புக்கு வரமாட்டேன் என்று அமைப்புக்கு எழுதியதும் அவள்தான்.

ரீச்சர் என்னைப் பார்த்தார். “முதலாம் பிள்ளை அழுமே அக்கா?” அந்தக் கேள்வியில் பதினாறு வருட அனுபவம் முழுவதும் இருந்தது. கடைசியாக வந்த பிள்ளைகளை எத்தனையோ தடவை தேற்றியிருக்கிறார். முதலாவதாக வந்த பிள்ளையைத் தேற்ற வேண்டி வரும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஐந்து நிமிடம் கடந்திருந்தது. தாதி போகாமல் நின்றார். தனியாக இருப்பதால் ஒன்று கேட்கலாமா என்றார். வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். தன் உச்சரிப்பைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பயம். பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஜேர்மன் எழுத்தில் குறித்து வைத்திருந்ததை வாசித்தார். இல்லத்தில் ஒரு முதியவர் காலையில் திரைச்சீலையை விலக்கியதும் இதைத்தான் கேட்கிறார். பதில் வரும்வரை கட்டிலை விட்டு இறங்குவதில்லை. மூன்றாவது தடவையில் ரீச்சருக்கு விளங்கியது.

“வள்ளம் வந்திட்டுதே?”

ரீச்சர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முதியவர் எந்த ஊர் என்று கேட்டார். தாதிக்குத் தெரியாது, கடலோரம் என்று மட்டும் பதிவில் இருப்பதாகச் சொன்னார். இதுவரை என்ன பதில் சொன்னீர்கள் என்று ரீச்சர் கேட்டார். ஒருவர் மொழிபெயர்ப்புச் செயலியில் பார்த்து “இங்கே வள்ளம் இல்லை” என்று சொல்லப் பழகியிருந்தாராம். அதைச் சொன்னால் முதியவர் அன்று முழுவதும் யன்னலடியை விட்டு அகலமாட்டாராம்.

“இல்லையெண்டு சொல்லக்கூடாது” என்றார் ரீச்சர். குரல் மாறியிருந்தது. பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி விளக்கினார். எங்கள் கரையில் காலையில் அதைக் கேட்பவர் வள்ளத்தை விசாரிக்கவில்லை. போன ஆட்களை விசாரிக்கிறார். வந்துவிட்டது என்று மட்டும் சொன்னாலும் காணாது. எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கேட்பவரின் மனம் எண்ணிக்கொண்டிருக்கும். ஆகவே இப்படிச் சொல்லுங்கள் என்று, ஒலிவாங்கிக்குக் கிட்டவாகக் குனிந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “ஓம் ஐயா, வந்திட்டுது. எல்லாரும் கரையேறியிட்டினம்.”

தாதி பதினொரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தாவதும் பதினோராவதும் சரியாக இருந்தன.

இணைப்பைத் துண்டித்ததும் ரீச்சர் என் பக்கம் திரும்பினார். “எல்லாருக்கும் முன்னாலை எண்டால் அந்த மனிசி உதைக் கேட்டிருக்காது, என்ன?” என்றார். அதற்குப் பிறகு, எழுதி வைத்திருந்த மன்னிப்பைக் கிழித்துப்போட்டார்.

வியாழக்கிழமை ஐந்து இருபதுக்கு, வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாக, பயிலுநர்ப் பெண் வருவதாகத் தாதி ஒழுங்கு செய்திருந்தார். நான் வழக்கம்போலக் குறிப்பேட்டைத் திறந்தேன். ரீச்சர் தயங்கினார். “அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்களும் கொஞ்சம் வெளியிலை நிக்கிறியளே? கதவைச் சாத்தவேணும்.” இருபத்திரண்டு வருடத்தில் என்னை வெளியே நிற்கச் சொன்னவர்கள் பலர், அவர்கள் சொன்னபடி நான் நின்றதில்லை. அன்று படிக்கட்டில் போய் நின்றேன். கீழே மருந்துக்கடையில் ஒருவர் இருமல் பாணிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பஸ் போயின. கதவு திறந்தபோது ரீச்சரின் மூக்கு சிவந்திருந்தது, முகம் சிரித்திருந்தது. “வருவா” என்றார். அந்தப் பத்து நிமிடத்துக்கு என் குறிப்பேட்டில் எதுவும் இல்லை.

ஒருங்கிணைப்பாளர் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண். திரையின் மூலையில், கதைக்காமல் அமர்ந்திருந்தார். எட்டு மாணவர்களும் வந்திருந்தார்கள், கமராக்கள் திறந்திருந்தன. ரீச்சர் சுற்றி வளைக்கவில்லை. புள்ளிகளை உரத்து வாசித்தது தன் பிழை, இங்கே அது வழக்கம், உங்களுக்கு அது நோகும் என்று தெரிந்திருக்கவில்லை என்றார். இனி ஒவ்வொருவருக்கும் தனியாக ஐந்து நிமிடம் தருவதாகச் சொன்னார். பிறகு பாடப்புத்தகத்தை மூடி, உங்கள் இல்லத்து முதியவர்கள் சொல்வதில் உங்களுக்கு விளங்காதது எது என்று கேட்டார். தாதி தன் கதையைத் தானே சொல்ல விரும்பினார். அதை வகுப்பில் சொல்லலாமா என்று ரீச்சர் முன்கூட்டியே அவரிடம் அனுமதி கேட்டிருந்தார். முந்தைய நாள் காலை அந்தப் பதிலைச் சொன்னாராம். முதியவர் “சரி” என்று சொல்லிவிட்டுக் கட்டிலை விட்டு இறங்கிச் சவரம் செய்ய உட்கார்ந்தாராம்.

அதன் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. கடைசி நிமிடத்தில் பயிலுநர்ப் பெண் கேட்டாள், ஒரு அம்மா தன் கன்னத்தைத் தடவி “என்ரை ராசாத்தி” என்கிறாரே, அது யாருடைய பெயர் என்று. ரீச்சர் விளக்கினார். அவள் தன் குறிப்புப் புத்தகத்தில் அதை எழுதி, அடியில் கோடு போட்டாள்.

மாணவர்கள் போன பின் ஒருங்கிணைப்பாளர் நின்றார். கையேடு உங்களுக்குக் கிடைக்கவில்லையா என்று கேட்டார். ரீச்சர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்: கிடைத்தது, தமிழில் சுருக்கியது நான், அந்தப் பந்தியை வெட்டியதும் நான், பட்டியலைக் குழுவில் போட்டதும் நான். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். முக்கியமானதைக் கடைசியில் வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்றேன். அவர் சற்று யோசித்து, தங்களிலும் பலர் கடைசிப் பக்கம் வரை வாசிப்பதில்லை என்றார். புதிய பதிப்பில் அந்தப் பந்தி முதலாம் பக்கத்தில் வந்தது. தேநீர் பற்றியும் ஒரு பந்தி சேர்ந்திருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் ரீச்சர்.

தவணை முடிய நான்கு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. வகுப்பு ஒரு வருடத்துக்குத் தொடரும். ரீச்சர் அதைக் கைத்தொலைபேசியில் வாசித்துவிட்டு, கீழே இறங்கித் தேநீர்க் கடையில் இரண்டு றோலும் தேநீரும் வாங்கி வந்தார். எனக்கு வேண்டாம் என்றேன். அவர் கேளாமல் தட்டில் வைத்தார்.

இப்போது அவருக்கு மூன்று வகுப்புகள். பார்வைக் குறைவு காரணமாக நான் சென்ற வருடம் நின்றுவிட்டேன். அந்த மேசையில் கரவெட்டியிலிருந்து வரும் ஒரு பெண் இருக்கிறாள். ரீச்சர் ஞாயிறு பூசை முடிந்து சில வேளைகளில் கதைப்பார். அலுமாரியில் என் பழைய குறிப்பேடுகள் இருக்கின்றன. அந்த முதலாம் தவணையின் இறுதிப் பரீட்சைபற்றி அதில் ஒரு வரிதான் இருக்கிறது: எட்டுப் பேரும் எழுதினார்கள். யார் முதலாவதாக வந்தார் என்பது எனக்குத் தெரியாது.